ஃப்ரிட்ஜை அணைக்கிறவர்

நாற்பத்தொன்பதாவது வயதில் எலக்ட்ரிக் கிட்டார் வாங்கினேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்த வயதில் சிலர் தலைக்குச் சாயம் அடிக்கத் தொடங்குகிறார்கள், சிலர் மாரத்தான் ஓடுகிறார்கள், எனக்கு இது வந்தது. வெட்கப்பட வேண்டியது அதற்குப் பிறகு நடந்ததற்குத்தான். வாசிப்பதைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய ஆசைப்பட்டு, கிட்டாரையும் கம்ப்யூட்டரையும் இணைக்கிற சின்னப் பெட்டி ஒன்றையும் வாங்கிவந்து, வீட்டில் ஊரடங்கு போட்டேன். நான் பதிவு செய்யும்போது யாரும் பேசக் கூடாது. மூக்கு சிந்தக் கூடாது. ஜன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் பழைய வேட்டியைக் கிழித்துத் திணித்தேன். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் போகிற வழியில் எங்கள் அடுக்ககம். அமாவாசை அன்றைக்குக் காவிரிக்குப் போகிற கூட்டத்தின் சத்தம் மூன்றாவது மாடி வரை ஏறும் என்பதால், அமாவாசைக்குப் பதிவு விடுமுறை. என் மனைவி பாத்திரங்களைத் தேய்க்காமல் ஊறப் போட்டுவிட்டு, கூடத்து மூலையில் உட்கார்ந்து, வாசலில் நிற்கும் கீரைக்காரரிடம் கை ஜாடையில் பேரம் பேசுவாள்.

இவ்வளவு செய்தும் பதிவைப் போட்டுக் கேட்டால் 'ங்ஙொய்' என்று ஓர் இரைச்சல். இரைச்சல் பக்கத்து அறையில் இருப்பதுபோலவும் என் வாசிப்பு சமயபுரத்தில் இருப்பதுபோலவும் கேட்டது.

இதை ஆபீஸில் புலம்பியபோதுதான் அவர் என் வாழ்க்கைக்குள் வந்தார். நாங்கள் இருவரும் ஒரே இன்சூரன்ஸ் அலுவலகம். அவர் கிளெய்ம் பிரிவு. நான் கிளெய்ம் கேட்டு வருகிறவர்களை அவரிடம் அனுப்பும் பிரிவு. ஞாயிற்றுக்கிழமைகளில் பாலக்கரைப் பக்கம் ஒரு மாதா கோயிலில் பாடகர் குழுவுக்கு கிட்டார் வாசிப்பார் என்று கேள்விப்பட்டிருந்தேன். நான் சொன்னதை டிபன் பாக்ஸை மூடாமலே கேட்டுவிட்டு, கிட்டாரை எதில் சொருகுகிறேன் என்று விசாரித்தார். வயரில் நேராகப் பெட்டிக்கு, பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு என்றேன். மைக் உண்டா என்றார். இல்லை என்றேன்.

"அப்புறம் எதுக்கு சார் வீட்ல எல்லாரையும் வாயை மூடச் சொன்னீங்க?"

எலக்ட்ரிக் கிட்டாருக்குக் காது கிடையாது. கம்பிக்கு அடியில் இருக்கும் காந்தம் கம்பியின் அதிர்வைத்தான் பிடிக்கும். கூடவே, சுற்றுப்புறத்துக் கரண்டின் அதிர்வையும் பிடித்துக்கொள்ளும். பக்கத்து அறையில் நாதஸ்வரக் கச்சேரியே நடந்தாலும் அதற்குத் தெரியாது. இந்த உண்மையை மனைவியிடம் சொல்லாமலே காலத்தைத் தள்ளிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அவர் வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, செருப்பைக் கழற்றுவதற்குள் அவளிடம் சொல்லிவிட்டார்.

"மேடம், நீங்க எவ்வளவு வேணா பேசலாம். மிக்சி மட்டும் போடக் கூடாது."

எவ்வளவு வேணா பேசலாம் என்று ஓர் ஆண் அவளிடம் சொன்னது அதுவே முதல் தடவை என்று அவள் பிறகு சொன்னாள். அன்றிலிருந்து அவர் என்ன செய்தாலும் அவளுக்குச் சம்மதம். ஊரடங்குக்கான பழியை நான் தனியாகச் சுமந்தேன், இன்னும் இறக்கிவைக்கவில்லை.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. ஓய்வு பெற்று இப்போது பெங்களூரில் மகனோடு இருக்கிறார். எழுதினால் போன் செய்வார்; போன் செய்தால், உங்க பக்கம் லைன்ல ஏதோ இரையுது, சார்ஜரைப் பிடுங்குங்க என்று ஆரம்பிப்பார்.

மனிதர்களில் சிலருக்கு மூக்கு முன்னால் போகும். சிலருக்குத் தொப்பை. அவருக்குக் காது முன்னால் போகும். எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் ஒரு கணம் நிற்பார், தலையை இடது பக்கம் சாய்ப்பார், பிறகு சுவிட்ச் போர்டைத் தேடுவார். ஒருமுறை சென்னையிலிருந்து வந்த பெரிய அதிகாரி ஒருவர், அலுவலகத்தின் எதிர்காலம் பற்றி எங்களிடம் உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார். பாதியில் இவர் எழுந்து நாற்காலி மேல் ஏறி, தலைக்கு மேலிருந்த டியூப் லைட்டைத் திருகிக் கழற்றி நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல உட்கார்ந்துவிட்டார். எங்கள் எதிர்காலம் அரை இருட்டில் விவரிக்கப்பட்டது. பேச்சு எப்படி என்று வெளியே வந்ததும் கேட்டேன். "சோக்கு போயிருக்கு சார். ரொம்ப நாளாவே இரையுது" என்றார். பேச்சில் ஒரு வார்த்தைகூட அவர் காதில் விழவில்லை.

அவருக்கென்று ஒரு வாசகம் உண்டு. "சத்தம் தானா வராது சார். யாரோ ஒருத்தர் வர வைக்கிறாங்க." இதை அவர் மின்சாரத்தைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போது அறையில் இருக்கும் ஒவ்வொருவரையும் பார்ப்பார். குற்றமே செய்யாதவர்களும் மெதுவாக வெளியேறிவிடுவார்கள்.

அவர் என் வீட்டுக்கு வந்தது எனக்கு உதவ மட்டுமல்ல. அவர் மாதா கோயிலில் அந்த ஆண்டுத் திருவிழாவுக்குப் பாட்டுகளைப் பதிவு செய்து வெளியிட முடிவாகியிருந்தது. பாடகர் குழுவை நடத்துபவள் ஓர் இளம் பல் டாக்டர். அவள் சொன்ன ஏற்பாடு எளிமையானது: ஒவ்வொருவரும் தங்கள் பகுதியை வீட்டிலேயே பதிவு செய்து அனுப்ப வேண்டும், அவள் சேர்த்துக்கொள்வாள். கிட்டார் பதிவில் இரைச்சல் இருந்தால் பாதகமில்லை, கீபோர்டிலேயே கிட்டார் சத்தம் வருகிறது, அதைப் போட்டு நிரப்பிவிடலாம் என்றும் சொன்னாளாம். அவள் ஆறுதலாகத்தான் சொல்லியிருப்பாள். முன்பல்லைப் பிடுங்கிவிட்டு, பிளாஸ்டிக்கில் நல்லதாகக் கிடைக்கிறது என்று சொன்னதுபோல அவருக்கு இருந்தது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அந்தக் கோயிலில் வாசிக்கிறவர். திருவிழாப் பாட்டில் தன் கிட்டாருக்குப் பதில் ஒரு பொத்தான் வாசிப்பதை அவரால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

அரியமங்கலத்தில் அவர் வீட்டுக்குப் பின்சுவரை ஒட்டி ஒரு வெல்டிங் பட்டறை. அங்கே ஒவ்வொரு முறை பொறி பறக்கும்போதும் இங்கே கிட்டார் 'கிர்ர்' என்று அலறும். ஞாயிற்றுக்கிழமைகூட கேட் செய்து தள்ளுகிற மும்முரமான பட்டறை. என்னிடம் கருவிகள் இருந்தன, வெல்டிங் இல்லை. ஆக, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, கிட்டாரைக் குழந்தையைப்போல மடியில் படுக்க வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் வந்தார்.

அவருடைய முறை ஒன்றே ஒன்று. ஒவ்வொன்றாக அணைப்பது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கிட்டாரை வாசிக்காமல் வெறுமனே பிடித்தபடி உட்கார்வார். நான் வீடு முழுக்க ஓடி அணைக்க வேண்டும். ஃபேன் ரெகுலேட்டர். "கொஞ்சம் குறைஞ்சிருக்கு." டியூப் லைட். "கொஞ்சம்." இன்வெர்ட்டர். "ஆகா." கடைசியில் ஃப்ரிட்ஜ். ஃப்ரிட்ஜை அணைத்ததும், கோடையில் மோர் குடித்தவர்போல ஒரு முகம் வரும் அவருக்கு. அந்த முகத்தைப் பார்க்க எதை வேண்டுமானாலும் அணைக்கலாம் என்று தோன்றும். துரதிர்ஷ்டவசமாக, திரும்பப் போடுவது அவர் முறையில் கிடையாது, எனக்கும் நினைவு வராது. அவர் போன பிறகு சாயங்காலம் காபி போடப் பாலை எடுத்துக் காய்ச்சினால், திரிந்து நிற்கும். வாராவாரம் ஞாயிறு இரவு எங்கள் வீட்டில் பன்னீர். எங்கள் குடும்பத்தில் அவருக்கு 'பால் திரிஞ்சவர்' என்று பெயர் நிலைத்தது.

லேப்டாப் சார்ஜரின் பிளக்கை அவர் கண்டுபிடித்த நாளை மறக்க முடியாது. மூன்று முள் பிளக். எங்கள் எக்ஸ்டென்ஷன் பெட்டியிலோ இரண்டு துளை. எனவே மூன்றாவது முள்ளை நான் ஒரு கட்டிங் பிளேயரால் வெட்டி எறிந்திருந்தேன், அதை என் கைவினைத் திறன்களில் ஒன்றாக எண்ணியும் வந்தேன். அவர் அந்த பிளக்கை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். "மேடம், எர்த்தை வெட்டியிருக்கார்." அவள் என்னைப் பார்த்த பார்வையில் அதிர்ச்சியே இல்லை. அதுதான் வலித்தது.

அடுத்தது திசை. கிட்டாரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியோடு மெல்லச் சுற்றினால், ஏதோ ஒரு திசையில் இரைச்சல் தேயும். எங்கள் அறையில் அது தெற்கு. தெற்கில் இருப்பது குளியலறைக் கதவு. கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டி, குளியலறைக் கதவை நோக்கி உட்கார்ந்துதான் வாசிக்க வேண்டும். எங்கள் ஊரில் தெற்கு பார்த்து இருப்பதற்கு ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், அவர் படுத்த நிலையில் என்பதுதான் வித்தியாசம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. திசை பற்றிய விஷயங்களில் அவர் விளையாடுவதில்லை.

எல்லாம் செய்தும் அடியில் மெலிதாக ஒரு 'ம்ம்' மிச்சம் இருந்தது. வீட்டுக்குள் சந்தேகப்பட வேறெதுவும் இல்லாமல் போகவே கீழே இறங்கினார். அடுக்ககத்தின் பின்பக்கம் எர்த் குழி இருக்கிறது. கரியும் உப்பும் போட்டு ஒரு குழாயைப் புதைத்து, மேலே சிமெண்ட் மூடி. கட்டிய பிறகு அதை யாரும் திறந்ததில்லை. அவர் திறந்தார். உள்ளே சித்திரை மாதத்துக் காவிரிபோலக் காய்ந்து கிடந்தது. எர்த் ஈரமாக இருந்தால்தான் இழுக்கும் என்றார். ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, குழியில் மெதுவாகச் சுற்றி ஊற்றினார். ஊற்றிவிட்டுக் குனிந்து, தலையை இடது பக்கம் சாய்த்துச் சற்று நேரம் கேட்டார்.

இதைக் கீழ்வீட்டு மாமி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அடுத்த ஞாயிறும் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது ஞாயிறு நாங்கள் போனபோது மூடியைச் சுற்றி இழைக்கோலம் போட்டிருந்தது. நான் சங்கடத்தோடு அவரைப் பார்த்தேன். அவரோ கோலத்தை மிதிக்காமல் எட்டி நின்று தண்ணீர் ஊற்றிவிட்டு, இந்த அம்மா பொறுப்பானவங்க சார் என்றார். அன்றைக்கு மாமி வெளியே வந்து பேசினாள்.

"நித்யம் விடணுமா, வாரத்துக்கு ஒரு தரம் போறுமா?"

தினமும் ஊற்றினால் நல்லதுதான் என்றார் அவர், இரண்டு கையையும் கூப்பி.

"அரிசி களைஞ்ச ஜலம் விடலாமோ? இல்லே, சுத்த ஜலந்தானா?"

அவர் இதை உண்மையாகவே யோசித்தார். உப்புத் தண்ணீராக இருந்தால் ரொம்ப விசேஷம் என்றார். மாமிக்கு முழுத் திருப்தி. இன்னது, இன்ன காரணம் என்று இருவரும் கடைசி வரை ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கோடை முழுவதும் எங்கள் அடுக்ககத்தின் எர்த், ஆடி மாதத்துக் காவிரிபோல ஈரமாக இருந்தது. 'ம்ம்' போய்விட்டது.

அதற்குள் டாக்டர் கொடுத்த கெடுவும் நெருங்கிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் பதிவு வராவிட்டால் கீபோர்டுதான் என்று செய்தி அனுப்பியிருந்தாள். கீபோர்டும் பாடும் குரலும் அடங்கிய பதிவை ஏற்கெனவே அனுப்பிவைத்திருந்தாள். அதை ஹெட்போனில் கேட்டபடி அவர் கிட்டாரைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். லேப்டாப் பேட்டரியில் ஓடியது. வீட்டில் எதுவும் எரியவில்லை, சுற்றவில்லை, குளிரவில்லை. அவர் தெற்கு பார்த்து உட்கார்ந்தார். ஹெட்போனில் அப்படியொரு நிசப்தம். அதை அவர் ஒரு நிமிடம் ரசித்துவிட்டு, சுருதி சேர்க்க முறுக்காணியைத் திருகத் தொடங்கினார். திருகினார். மறுபடி திருகினார். ஏதோ தொலைந்துபோனதுபோல அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"சார், ஃப்ரிட்ஜை ஒரு நிமிஷம் போடுங்க."

பால் விஷயத்தில் அவருக்கு மனசாட்சி பிறந்துவிட்டது என்று நினைத்துச் சந்தோஷமாகப் போட்டேன். இரைச்சல் வந்தது. அவர் கண்ணை மூடி, கனத்த கம்பி ஒன்றை அந்த இரைச்சலோடு இழைத்து, மற்றவற்றை அதோடு சேர்த்துவிட்டு, "அணைங்க" என்றார். பிறகு ஒரே மூச்சில் வாசித்து முடித்தார்.

ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். ஒரு பொட்டு இரைச்சல் இல்லை. ஆனால் பாட்டும் கிட்டாரும், பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு சம்பந்திகள் ஒரே காரில் வருவதுபோல வந்தன. எனக்கு அது என் காதின் கோளாறு என்று பட்டது. என் மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவள் முறையாகப் பாட்டு கற்றவள். கல்யாணத்துக்குப் பிறகு பாடுவதை விட்டுவிட்டாளே தவிர, பிறர் பாடும்போது முகம் சுளிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை.

"ஒண்ணு சொன்னா தப்பா நினைக்க மாட்டீங்களே சார்?"

"சொல்லுங்க மேடம்."

"ரெண்டும் சேரலை. நீங்க கொஞ்சம் மேல நிக்கிறீங்க."

அவர் சிரித்தார். அந்தக் கீபோர்டு எப்போதுமே கொஞ்சம் கீழேதான் நிற்கும், கோயிலிலும் இதே பிரச்சினை, எத்தனையோ வருஷமாக அவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றார்.

"கீபோர்டு எப்படி சார் இறங்கும்? அதுல முறுக்குறதுக்கு என்ன இருக்கு?" என்றாள் அவள். "நீங்க ஃப்ரிட்ஜோடல்ல சுருதி சேத்தீங்க."

வீட்டில் அணைக்க வேறொன்றும் பாக்கி இல்லாததால், அந்த அமைதி மிகவும் முழுமையாக இருந்தது.

கரண்டுக்கு ஒரு சுருதி உண்டு. நம் ஊரில் எந்த வீட்டு மின்சாரமும் ஒரே சுருதியில்தான் இரையும். அது எந்தக் கீபோர்டின் கட்டையோடும் பொருந்தாமல், இரண்டு கட்டைகளுக்கு நடுவே விழுகிறது. கோயிலில் அவருடைய ஆம்ப்ளிஃபயர் எப்போதும் அந்த 'ம்ம்' போட்டுக்கொண்டே இருக்கும். அதைத் திட்டிக்கொண்டே, தன்னை அறியாமல் அதோடு தன் கம்பிகளைச் சேர்த்து வந்திருக்கிறார், வாலிபம் முழுக்க. சுருதி காட்டும் கருவியெல்லாம் காது இல்லாதவர்களுக்கு என்பது அவருடைய கொள்கை. பாடகர் குழுவில் யாரோ எப்போதோ கிட்டார் கொஞ்சம் ஒட்டவில்லையே என்று முனகியதெல்லாம் அந்தக் கணத்தில் வரிசையாக அவர் முகத்தில் வந்து நின்றதைப் பார்த்தேன். நான் ஏதாவது நகைச்சுவையாகச் சொல்லியிருக்கலாம். அதற்காகத்தான் என்னை எல்லோரும் சகித்துக்கொள்கிறார்கள்.

அவர் கிட்டார் வயரைக் கழற்றி முழங்கையைச் சுற்றிச் சுருட்டத் தொடங்கினார்.

"அந்தப் பொண்ணு சொல்றது சரிதான் சார். கீபோர்டே வாசிக்கட்டும்" என்றார், குளியலறைக் கதவைப் பார்த்து.

என் மனைவிக்குத் தேற்றிப் பேச வராது. உள்ளே போய்த் தன் போனை எடுத்துவந்தாள். அதில் சுருதிப்பெட்டி இருக்கிறது. டாக்டர் அனுப்பிய பாட்டை ஒருமுறை ஓடவிட்டுக் கேட்டு, அதே சுருதிக்கு வைத்து, அவர் மடியருகே நாற்காலியில் வைத்தாள்.

"இதோட சேருங்க. சீக்கிரம் வாசிச்சு முடிங்க சார், நான் சட்னி அரைக்கணும்."

அவர் சுருட்டிய வயரைப் பிரித்தார். ஆணிகளைத் தளர்த்தி, முன்பின் தெரியாத வீட்டில் படியிறங்குகிறவர்போல ஒவ்வொரு கம்பியாகக் கீழே கொண்டுவந்தார். இறக்கி முடித்ததும் முகத்தில் பிடிக்காத சட்டையைப் போட்டுக்கொண்ட பாவம். வாசிக்கத் தொடங்கினார், இரண்டு தரம் நிறுத்தினார். பிறகு தலை மெல்ல இடது பக்கம் சாய்ந்தது.

"மேடம், போனை அடுத்த ரூமுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க. கிட்டார்ல விழுது."

ஆள் பிழைத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரிந்தது. அடுத்த முறை பாட்டு முழுக்க வாசித்தார். அதற்குப் பின் அவ்வளவு நன்றாக அவர் வாசித்து நான் கேட்டதில்லை. அன்று சாயங்காலமே டாக்டருக்கு அனுப்பினோம். நல்லா இருக்கு அங்கிள், போட்டுடறேன் என்று பதில் வந்தது. அந்த ஒரு வரியை பஸ் ஏறும் வரை நாலைந்து தடவை என்னிடம் வாசித்துக் காட்டினார். ஃப்ரிட்ஜை அணைத்தபடியே விட்டுப் போயிருந்தார்.

திருவிழா அன்று மாலைப் பூசை முடிந்து, கோயில் முற்றத்தில் பாட்டுகளை வெளியிட்டு ஒலிபெருக்கியில் போட்டார்கள். எங்களையும் கூப்பிட்டிருந்தார். வெள்ளைச் சட்டை, புது பேண்ட். முதல் இரண்டு பாட்டுகளை அவர் பொருட்படுத்தவில்லை. மூன்றாவதில் அவருடைய கிட்டார் வந்தது. கூட்டத்தில் யாரோ திரும்பிப் பார்த்து அவருக்குத் தலையசைத்தார்கள். அவர் அதைக் கவனிக்கவில்லை. தலை இடது பக்கம் சாய்ந்திருந்தது.

கிட்டாருக்கு அடியில், மெலிதாக, 'ம்ம்'.

என் கையைப் பிடித்துக்கொண்டு, கேக்குதா சார், ஸ்பீக்கருக்கு எர்த் சரியில்ல என்றார். இத்தனை வருஷமாக இந்த வளாகத்தில் எர்த் குழி எங்கே இருக்கிறது என்று ஒருத்தரும் கவலைப்பட்டதில்லை பாருங்கள் என்றார். பிறகு மணியடிக்கும் கோயில்பிள்ளையிடம் ஒரு வாளி கேட்டு வாங்கிக்கொண்டு, புது பேண்டோடு கட்டடத்தின் பின்பக்கம் போய்விட்டார்.

அவர் போன திசையைப் பார்த்தபடி பல் டாக்டர் எங்களிடம் வந்தாள். அங்கிள் எங்கே என்றாள். தண்ணீர் ஊற்றப் போயிருக்கிறார் என்றேன். அவளுக்குப் புரிந்திருக்காது. மனிதர் இந்தப் பாட்டுக்காக எவ்வளவு பாடுபட்டார் தெரியுமா, பதிவு எவ்வளவு சுத்தமாக இருந்தது பார்த்தீர்களா என்று நான் ஆரம்பித்தேன்.

"அதாங்க சார் பிரச்சினை," என்றாள் அவள். "ரொம்ப சுத்தமா அனுப்பிட்டாங்க. கேட்டவங்க எல்லாரும் கீபோர்டுன்னுதான் நினைச்சாங்க. அப்புறம் நானே நெட்லேர்ந்து பழைய ஆம்ப்ளிஃபயர் இரைச்சல் ஒண்ணு எடுத்து அடியில போட்டுவிட்டேன். இப்பதான் யாரோ மனுஷன் வாசிக்கிற மாதிரி இருக்கு."